பின்னாடிக்கு ஒரு கம்பம்

நகரத்தின் நிலப்படத்தில் என் வீட்டைக் காணாமல் வேறொருவர் வீட்டின் மேல் விரலை வைத்தேனே, அந்த நொடியில்தான் எனக்கு இந்த யோசனை பிறந்தது.

என் நண்பனின் தகப்பனார் ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகத்தில் நிலப்படம் வரைகிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். மழை வரும்போலிருந்த ஒரு மத்தியானம் அவருக்குக் குடை கொடுக்க அவன் கிளம்பினான். வேறு வேலை இல்லாததால் நானும் கூடப் போனேன். நாங்கள் இருவரும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். படித்து முடித்த வேளையில் ரப்பர் விலை விழுந்து, எந்த ஆபீசிலும் ஆள் எடுக்கவில்லை. ஆகவே ஒன்றாகவே ஊர் சுற்றினோம்.

அங்கே ஒரு சுவர் நிறையப் படம். கடலைக் கடந்து சிங்கப்பூருக்குப் போகும் பாலம், ரயில் நிலையம், சந்தை, மசூதி, குன்றுகளின் மேல் துரைமார் பங்களாக்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொரு தெருவுக்கும் பெயர் இருந்தது. நண்பன் தன் வீட்டைச் சட்டென்று காட்டிவிட்டான்.

"இந்தா, இதுதான் எங்கட வீடு. உன்ரை வீடு எங்கை? காட்டு பாப்பம்."

ரயில்வேக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தை உடனே கண்டுபிடித்தேன். சீப்பின் பற்களைப் போலச் சின்னச் சின்னக் கட்டங்கள். அவற்றை ஒட்டி நீலக் கோடாகக் கால்வாய். அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. சதுப்பு நிலம் என்று தெரிவிக்கப் புல்கொத்து மாதிரி சில கீறல்கள் மட்டும். அந்தப் புல்லில்தான் நாங்கள் குடியிருந்தோம். நான் அங்கிருந்துதான் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு புறப்பட்டு வந்திருந்தேன். விரல் கால்வாயைத் தாண்ட மறுத்தது. லயத்தின் கடைசிக் கட்டத்தில் அதை வைத்து, "இங்கே" என்றேன்.

"பரவாயில்லை, ஸ்டேசன் கிட்ட" என்றான் அவன். அவ்வளவுதான். அவன் அதற்கப்புறம் அதை நினைத்திருக்கவே மாட்டான். எனக்குத்தான் காது இரண்டும் சுட்டன. வீட்டுக்கு நடக்கும்போதே தீர்மானித்துவிட்டேன்: அந்தப் புல்கொத்தை அழித்து, அங்கே எங்கள் வீடுகளை வரையவைக்க வேண்டும்.

நான் லயத்தைக் காட்டியது முழுப் பொய்யும் இல்லை. அப்பா லாபிஸ் பக்கம் தண்டவாள வேலை பார்த்து, பிறகு ஜொகூர் பாருவுக்கு மாற்றலாகி வந்தவர். லயத்தில் எங்களுக்கு ஓர் அறையும் கதவில் ஓர் எண்ணும் இருந்தன. வாசலில் சிமெண்டுச் சாக்கடை, முனையில் குழாய், தெருவில் மின்சார விளக்கு. ஆள் குறைத்தபோது அப்பாவுக்கு வேலை போயிற்று. வேலையோடு அறையும் போயிற்று. பக்கத்தில் வேறு போக்கிடம் இல்லாமல், பழைய பலகையும் தகரமும் அத்தாப்பு ஓலையும் சேர்த்து, கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு வீடு கட்டினோம். எங்களுக்கு முன்பே அங்கே சில குடும்பங்கள் இருந்தன. எங்களுக்குப் பிறகு செடெனாக், பெக்கோக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சீட்டுக் கிழிக்கப்பட்டு வேலை போனவர்கள் பெட்டியும் படுக்கையுமாக வந்து சேர்ந்தார்கள்.

அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. லயத்துக்குப் பின்னால் இருந்ததால் எல்லோரும் "பின்னாடி" என்றார்கள். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால் "பின்னாடி" என்பதுதான் பதில். சந்தையில் அறிமுகம் இல்லாதவர் அந்தப் பதிலைக் கேட்டுத் தன் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்ததும் உண்டு. லயத்துப் பெண்கள் எங்களைப் "பின்னாடிக்காரங்க" என்பார்கள். பள்ளிக்கூடம் போய்வந்த எனக்கு அந்தச் சொல் கால்சட்டையின் கிழிசலைப் போல இருந்தது. யாரும் பார்க்காவிட்டாலும் கை அதை மறைத்துக்கொண்டே இருக்கும்.

இந்த யோசனையோடு நான் அலைந்துகொண்டிருந்த வாரத்தில்தான் இடியப்பக்கார அக்கா கால்வாயில் விழுந்தார். விடியுமுன் இடியப்பம் அவித்துக் கூடையில் வைத்து லயத்துக்கு விற்கப் போகிறவர் அவர். கால்வாயின் மேல் இரண்டு பலகைதான் பாலம். இருட்டில் கால் தப்பி, கூடையோடு சேற்றில் விழுந்து, முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டார். அன்று சாயங்காலம் அவர் வீட்டு முன்னால் ஆட்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். நான் அப்போது அங்கே இல்லை. கடற்கரையில் உட்கார்ந்து, எங்கள் இடத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் வந்து சேர்ந்தபோது பேச்சு முடிந்து, முடிவும் எடுத்துவிட்டார்கள். எங்களில் மாடு அதிகம் வைத்திருந்த பால்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். நாலு பேர் இருந்தால் தலைவர் மாதிரித் துண்டை உதறித் தோளில் போடுவது அவர் வழக்கம்.

"வாங்க தம்பி, ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தோம். ஆபீசுக்கு ஒரு மனு எழுதணும். நமக்கு ஒரு கம்பம் வேணும்."

"கம்பமா?" என்றேன். நெஞ்சு துள்ளியது.

"ஆமா லா. லயத்துக்காரனுக்கு இருக்கு, மலாய்க்காரங்களுக்கு இருக்கு. நமக்கு மட்டும் ஏன் இல்ல? நாமளும் மனுசங்கதானே?"

இங்கே, இந்த நாட்டுத் தமிழ் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலாய்க்காரர்கள் தங்கள் கிராமத்தைக் கம்போங் என்பார்கள். நம்மவர்கள் வாயில் அது கம்பமாகிவிட்டது. "மலாய்க் கம்பத்துல கலியாணம்", "கம்பத்துப் பக்கம் போகாதே" என்று தினமும் பேசுகிறோம். விளக்குக் கம்பத்துக்கும் அதே சொல்தான். எது என்பது பேச்சின் போக்கில் தெரிந்துவிடும். யாரும் தடுமாறியதில்லை. நான்தான் பேச்சு முடிந்த பிறகு வந்தவன். போதாததற்கு என் தலை முழுக்க ஏற்கெனவே ஒரு கம்போங் இருந்தது.

உள்ளே பாயில் படுத்திருந்த இடியப்பக்கார அக்கா குரல் கொடுத்தார். "கம்பம் மட்டும் வந்துட்டா நமக்கு வெளிச்சம்தான், தம்பி. நல்லா அழுத்தி எழுதுங்க!"

வெளிச்சம்! அடடா, என்ன அழகாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். கதைப் புத்தகங்களில் வெளிச்சம் என்றால் விடிவு, நல்ல காலம். படிக்காத ஒரு பெண்மணி வாயிலிருந்து இப்படி ஒரு உவமையா என்று கண் கலங்கினேன். அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வீங்கிய முழங்காலோடு படுத்திருந்தவர் விளக்கு வெளிச்சத்தைத்தான் சொன்னார்.

மனுவை இங்கிலீஷில் எழுதினேன். எழுதினேன் என்பதைவிடப் பொழிந்தேன் என்று சொல்லலாம். கால்வாய் முதல் ரயில் ரோடு வரை உள்ள இந்தக் குடியிருப்பை ஒரு கம்போங்காக ஒப்புக்கொண்டு, எல்லை வகுத்து, பெயர் சூட்டி, நகரப் படத்தில் சேர்க்கும்படி பணிவோடு கேட்டேன். பெயரையும் நானே கொடுத்தேன். பாடப்புத்தகத்தில் படித்த பழைய சோழநாட்டு ஊர் ஒன்றின் பெயர் அது. பின்னாடியில் ஒருவருக்கும் அந்த ஊரோடு சம்பந்தமில்லை.

மறுநாள் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன், இங்கிலீஷிலேயே. ஒருவருக்கும் புரியவில்லை, எல்லோருக்கும் பிடித்திருந்தது. பால்காரர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கச்சேரி கேட்பதுபோலத் தலையாட்டினார்.

"கம்பம் கேட்டு எழுதியாச்சா?"

"கேட்டிருக்கேன் மாமா."

"பெருசா கேட்டிருக்கீங்களா?"

"பெருசாத்தான் கேட்டிருக்கேன்."

"அதான் சரி. சின்னதா குடுத்தான்னா வெளிச்சம் எட்டாது."

நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். எல்லோரும் வரிசையாக வந்து கைநாட்டு வைத்தார்கள். அதை நானே அரசாங்க ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சில வாரங்களில் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு மலாய் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக் கோட்டு, தலையில் கறுப்புச் சொங்கோக் தொப்பி. அவரோடு அளவுச் சங்கிலி தூக்க இரண்டு பேர். சுண்ணாம்புச் சட்டியும் தூரிகையுமாக இன்னொருவர். பின்னாடி முழுவதும் திருவிழாப்போல ஆயிற்று. அரசாங்கத்து ஆள் எங்கள் பலகையைத் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவை. பால்காரர் பெரிய குவளையில் பால் கொண்டுவந்தார். சங்கிலியின் நுனியைப் பிடிக்க நம் ஆட்கள் போட்டி போட்டார்கள்.

"ஒரு கம்பத்துக்கு எதுக்குப்பா இவ்வளவு தூரம் அளக்குறாங்க?" என்று யாரோ கேட்டார்.

"கம்பி இழுக்க வேணாமா? வீட்டுக்கு வீடு குடுப்பாங்க போல" என்றார் பால்காரர். அந்த நம்பிக்கையில், மறைவில் இருந்த மாட்டுக் கொட்டகைகளைக்கூட அவரே கூட்டிப்போய்க் காட்டினார். "இதையும் எழுதிக்குங்க, துவான். இங்கயும் இருட்டுதான்." ஒவ்வொரு கதவிலும் சுண்ணாம்பால் ஓர் எண் விழுந்தது. நான் அவர்களோடு சேர்ந்து நடந்தேன். எங்கள் கதவில் எண் விழுந்தபோது எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். லயத்தில் விட்டுவந்த எண் திரும்பக் கிடைத்ததுபோல.

அளந்து முடித்ததும் கிராணி மனுவை விரித்துக் கூட்டத்தைப் பார்த்தார். "சியாப்பா மிந்தா கம்போங்?" என்று கேட்டார். கம்போங் கேட்டது யார் என்று அர்த்தம்.

பால்காரர் முகம் மாறியது. "கம்போங்கா? புக்கான் கம்போங், துவான்! கம்போங் இல்ல. கம்பம்!" கையை நிமிர்த்தித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். விரல்களை விளக்கு மாதிரி விரித்தார். "லம்பு! லம்பு!"

கிராணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர், சிரிப்பைச் சட்டென்று அடக்கிக்கொண்டார். சுண்ணாம்புச் சட்டிக்காரர் தரையைப் பார்த்தார். கூட்டம் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

கிராணி இங்கிலீஷில் கேட்டார், இதை எழுதியது யார் என்று. நான் என்றேன். நீ இந்த இடத்தில் குடியிருக்கிறவனா என்று கேட்டார்.

அந்த நேரத்திலும், இத்தனை பேர் முன்னால், என் வீட்டைப் பத்தடி தூரத்தில் வைத்துக்கொண்டு, நான் கால்வாய்க்கு அந்தப் பக்கம் லயத்தைத் திரும்பிப் பார்த்தேன். என் கைகூட லேசாக அந்தப் பக்கம் எழுந்தது. பால்காரர்தான் முந்திக்கொண்டு, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, பெருமையாகச் சொன்னார்: "இங்கதான் துவான்! அந்தா, சுவத்துல சாணி தட்டியிருக்கு பாருங்க, அந்த வீடு. எங்க புள்ளதான்."

எங்க புள்ள. அதைவிட என்னைத் திட்டியிருக்கலாம்.

கிராணி என்னைத் தனியாக அழைத்துப்போய் விளக்கினார். இந்த நிலம் அரசாங்கத்தினுடையது. யாருக்கும் இங்கே பத்திரம் கிடையாது. மனு வராமல் இருந்தால் இந்தப் புல்லை யாரும் வந்து பார்த்திருக்க மாட்டார்கள். வந்து பார்த்து அளந்தாகிவிட்டது. இனி இங்கே யாரும் இல்லை என்று அவரால் எழுத முடியாது. விளக்குக் கம்பம் கேட்டிருந்தால் அது வேறு பிரிவின் வேலை, இவர் வரவே வேண்டியிருந்திருக்காது. கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கம்போங் கேட்டால் இல்லையென்றுதான் பதில் வரும். வீட்டுக்கு வீடு, அவரவர் தனியாக, வாடகை கட்டி வருஷ லைசென்ஸ் கேட்டால் யோசிப்பார்கள். அதை அவரவரே வந்து கேட்க வேண்டும். நீ எழுதாதே."

அடுத்த வாரமே நோட்டீஸ் வந்தது. சீனப் பெருநாள் கழிந்ததும் எல்லோரும் காலி செய்ய வேண்டும். அதைப் படித்துச் சொல்லவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை தமிழில் சொன்னேன். ஒருவரும் தலையாட்டவில்லை.

அதற்குப் பிறகு என்னை யாரும் அடிக்கவில்லை, விரட்டவில்லை. பேசத்தான் செய்தார்கள். குழாயடியில் நான் வருவதைக் கண்டால், "எழுத்துக்காரரு வர்றாரு, பாத்துப் பேசுங்க. கல்லு வேணும்னா மலையைக் கேட்டு எழுதிப்புடுவாரு" என்று ஒரு குரல் வரும். மற்றவர்கள் சிரிப்பார்கள். பெட்டியைக் கட்ட வேண்டியவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது.

இடியப்பக்கார அக்கா நொண்டிக்கொண்டே கூடை தூக்கத் தொடங்கியிருந்தார். ஒரு நாள் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன் தம்பி, இங்கிலீஷ்ல லைட்டுக்கு என்னா பேரு?"

"லைட்டுதான், அக்கா."

"அலமாக்! அதை நாங்களே தினமும் சொல்றோமே! படிச்சவருகிட்டப் பேசுறோமேன்னு நல்ல தமிழ்ல கம்பம்னு சொன்னோம். லைட்டுன்னு சொல்லித் தொலைச்சிருந்தா வீடாவது மிஞ்சியிருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு பலகைப் பக்கம் நொண்டி நடந்தார். வீடு போனால் எந்த அடுப்பில் இடியப்பம் அவிப்பார் என்று நான் கேட்கவில்லை.

அம்மா என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். அப்பா அன்றாடம் சரக்குக் கொட்டகையில் கூலி வேலைக்குப் போய்வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒழுகும் இடத்தில் அத்தாப்பு மாற்றிக்கொண்டிருந்தார். காலி செய்ய வேண்டிய வீட்டுக்கு எதற்குக் கூரை என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு ஓலையை எடுத்துக் கொடுத்தேன். மேலே இருந்தபடியே சொன்னார்:

"ஒனக்கு இங்க இருக்கப் பிடிக்கல. அதான் காதுல அப்படி விழுந்துச்சு."

அடுத்த ஓலைக்குக் கையை நீட்டினார்.

ஓலையைக் கொடுத்தேன். அவர் சொன்னது சரிதான். அது மட்டுமல்ல. கிராணி போகிறபோக்கில் சொன்ன அந்த லைசென்ஸ் விஷயத்தை நான் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். மறுபடியும் கூட்டத்தின் முன்னால் நின்று, ஆபீஸ், மனு, லைசென்ஸ் என்று வாயைத் திறக்க வெட்கம். நான் சொல்லி யார் நம்புவார்கள், இதுவும் தப்பாகப் போனால் என்ன செய்வது என்று தள்ளிப்போட்டேன். பலகை வழியே போனால் ஆட்களைப் பார்க்க வேண்டுமே என்று ரயில் ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போனேன். சீனக் கடைகளில் பெருநாளுக்குச் சிவப்புக் காகிதம் தொங்க ஆரம்பித்துவிட்டது. காலி செய்யும் கெடு நெருங்கிவிட்டது. என் வெட்கத்துக்காக இவர்கள் வீடுகளைப் பிடுங்கவிடுவதா?

நேராக இடியப்பக்கார அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் மாவு பிசைந்த கையோடு நிமிர்ந்தார்.

"இதை இத்தனை நாளா வயித்துல வச்சிக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா அக்கா."

"கேட்டா குடுப்பாங்களா?"

"தெரியல. யோசிப்போம்னுதான் சொன்னாரு."

அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். பிறகு வாசலுக்கு வந்து பால்காரரைக் கூப்பிட்டார். பால்காரர் வந்ததும், "இவரு சொல்றதை நீங்களும் கேளுங்க. கேட்டுட்டு, என்னா கேட்டீங்கன்னு திருப்பி அவருக்கே சொல்லுங்க" என்றார். பால்காரர் துண்டை உதறாமல் அப்படியே கேட்டார். "வாடகை கட்டுறோம், வருசத்துக்கு ஒரு லைசென்சு, வீட்டுக்கு ஒண்ணு. அப்படித்தானே? வேற எதுவும் இல்லையே? பேரு கீரு வைக்கலையே?"

"வைக்கல மாமா."

"அப்பச் சரி."

நேற்றும் இன்றும் வீடுவீடாகப் போனேன். காகிதம் எடுத்துப் போகவில்லை. எத்தனை காலமாக இருக்கிறார்கள், எத்தனை பேர், மாடு உண்டா, வாடகை கட்ட முடியுமா என்று கேட்டேன். ஆபீசில் என்ன சொல்ல வேண்டுமோ அதை மலாயில் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் அதைத் தமிழில் எனக்குத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போனேன். இரண்டு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் பெட்டியைக் கட்டியே விட்டார்கள்; பெக்கோக்கில் இருக்கும் சொந்தக்காரரிடம் போகிறார்களாம். அவர்களைத் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை?

திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் போவதாக முடிவாகியிருக்கிறது. எல்லோரும் ஒரேயடியாக நுழையப் போவதில்லை. முதலில் எங்கள் வீடு. அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார். கேட்கப்போவது அவர், நான் பக்கத்தில் நிற்பேன். எங்களை இல்லையென்று அனுப்பினால், எதற்காக இல்லையென்றார்கள் என்பதைச் சரியாகக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, வாசலில் நிற்கும் பால்காரரிடம் சொல்ல வேண்டும். அவர் அதற்குத் தகுந்தபடி தன் பேச்சை மாற்றிக்கொள்வார். எந்த இடத்தில் குடியிருக்கிறீர்கள் என்று கிராணி கேட்டால், லயத்துக்குப் பின்னால், கால்வாய்க்கு அந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டும். மலாயில் அதைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.